‘மனசு சரியில்லை’: அன்றாட உள்ளநலமும் தமிழ்ச் சொல்லும்

பத்து பெரண்டாம் வட்டாரத்தில் வளர்ந்த எவர்க்கும் ‘மனசு சரியில்லை’ என்னும் தொடர் புதிதன்று. பால் வெட்டி முடித்து வாளியோடு திரும்பிய பெண்கள் அதைச் சொன்னார்கள். மகனோடு பேச்சு முறிந்த தந்தையர் சொன்னார்கள். இன்று எஸ்.பி.எம். தேர்வுக்கு முந்திய வாரத்தில் பதினேழு வயது மாணவி ஒருத்தியும் அதையே சொல்கிறாள். முதலாமவர்க்கு இருந்தது அலுப்பாக இருக்கலாம், இரண்டாமவர்க்கு அவமானம், மாணவிக்கு அச்சம். மூன்றும் வெவ்வேறு. எனினும் மூன்றையும் நாம் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் சொன்னால், “எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக?” என்று அவர் கேட்பார். மனம் சரியில்லை என்பவரிடம் நாம் யாரும் அவ்வாறு கேட்பதில்லை. “விடு, எல்லாம் சரியாகிவிடும்” என்கிறோம். கேள்வி பிறக்கவேண்டிய இடத்தில் உரையாடல் முடிந்துவிடுகிறது. நான் மருத்துவன் அல்லன். மொழியியல் பயின்று, அதையே கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே நான் பேசக்கூடியது அந்தக் கேள்விக்கு வேண்டிய சொற்களைப் பற்றித்தான். இத்தகைய உரைகளில் திருக்குறளிலிருந்து தொடங்குவது மரபு. இன்று இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன், அவையோர் பொறுத்தருள்க.

‘எனக்குக் கோபம் வந்தது’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் எழுவாய் ‘நான்’ அன்று, ‘கோபம்’. நான் நான்காம் வேற்றுமை உருபை ஏற்று ஓரமாக நிற்கிறேன். கோபம் வருகிறது, இருக்கிறது, போகிறது. இதே அமைப்பில் வேறு எவற்றையெல்லாம் சொல்கிறோம் என்று பாருங்கள்: எனக்குப் பசி வந்தது, எனக்குத் தூக்கம் வந்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது. தமிழ் கோபத்தையும் அச்சத்தையும் பசியோடும் காய்ச்சலோடும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறது. காய்ச்சல் வந்ததற்காக ஒருவரை நாம் குற்றம் சொல்வதில்லை.

இனி ‘நான் கோபப்பட்டேன்’ என்பதைப் பாருங்கள். இங்கே ‘நான்’ எழுவாய் ஆகிவிட்டேன். படு என்னும் துணைவினை சேர்ந்தவுடன் எனக்கும் அதில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை ஓர் எளிய சோதனையால் காணலாம். ஏவல் வினையாக்கிப் பாருங்கள். ‘கோபப்படாதே’ என்பது இயல்பான தமிழ். ‘உனக்குக் கோபம் வராதே’ என்று ஏவ முடியுமா? முடியாது. ‘கோபமே, வராதே’ என்று கோபத்தை விளித்து வேண்டுமானால் சொல்லலாம். உணர்ச்சியின் வருகையைக் கட்டளையால் தடுக்க இயலாது என்பதை நம் தொடரமைப்பே ஒப்புக்கொள்கிறது. கட்டளை செல்லுபடியாவது வந்த பிறகு நாம் செய்வதன்மீது மட்டுமே. எல்லா இடங்களிலும் இக்கோடு கத்தியால் வெட்டியதுபோல் அமையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘வெட்கப்பட்டாள்’ என்பதில் அவளது விருப்பம் எவ்வளவு? மிகக் குறைவுதான். ஆயினும் வருவது ஒன்று, படுவது ஒன்று என்னும் பொதுப்பாங்கு நிலைக்கிறது.

ஆசிரியர்க்கு இது பயன்படும் இடம் வகுப்பறை. மேடையேறத் தயங்கும் சிறுவனிடம் “பயப்படாதே” என்கிறோம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். அவனுக்கோ ‘பயம் வந்ததே என் குற்றம்’ என்று கேட்கிறது. இப்போது அவனுக்கு இரண்டு சுமைகள்: பயமும், பயந்ததைப் பற்றிய வெட்கமும். “பயமாக இருக்கிறதா? எதை நினைத்தால் பயம் வருகிறது?” என்று கேட்டால், வந்த விருந்தாளிக்கு ஒரு நாற்காலி போட்டதுபோல் ஆகும். ‘சொல் மறந்துவிடுமோ என்று’ என்பான் ஒருவன். ‘பின்வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பார்களே’ என்பான் மற்றொருவன். முன்னவனுக்கு ஒரு குறிப்புத்தாள் போதும். பின்னவனுக்கு அது உதவாது.

உணர்ச்சியைப் பகுத்துப் பெயரிடுவது மேனாட்டு உளவியலாரிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டிய வழக்கமன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உவகை, வெகுளி, அச்சம், அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறது. ஆக முப்பத்திரண்டு. அது செய்யுளுக்கு எழுதப்பட்ட இலக்கணம், மனநல நூலன்று. ஆனால் அதன் கூர்மை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அழுகைக்கு அது கூறும் நான்கு களன்களை மட்டும் நோக்குவோம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். இழவு, உயிரையோ பொருளையோ இழத்தல். வறுமைக்கு விளக்கம் வேண்டா. அசைவு என்பதுதான் நாம் மறந்த சொல். முன்பிருந்த நிலையிலிருந்து தள்ளப்பட்டு, வேறொன்றாகிப் போனதன் துயரம் அது என்று உரைமரபு விளக்குகிறது.

மலாக்கா மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறிய ஆண்டுகளில் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த நம் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். அவர்களுள் பலர்க்கு வருமானம் உயர்ந்தது. வீட்டுக்குள் குழாயும் மின்சாரமும் வந்தன. ‘இன்னும் என்ன குறை உங்களுக்கு?’ என்று பிள்ளைகள் கேட்டோம். வறுமை இல்லை, இழவும் இல்லை, யாரும் இகழவுமில்லை. ஆனாலும் மாலையில் அவர்கள் நான்காம் மாடித் தாழ்வாரத்தில் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரட்டு மணி இல்லை, லயத்து வாசலில்லை, கோயில் திருவிழாவுக்கு வரி தண்ட வரும் ஆளில்லை. அது அசைவு. அந்தச் சொல் நமக்குக் கைவசம் இருந்திருந்தால், ‘என்ன குறை’ என்று கேட்டிருக்க மாட்டோம்.

இழவு என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை என் பாட்டியிடமிருந்து அறிந்தேன்.

என் பாட்டனார் 1943இல் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். ஜப்பானியர் ஆட்சியில், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அனுப்பப்பட்டதும், அவர்களுள் மிகப் பலர் மீளாததும் நீங்கள் அறிந்த வரலாறு. 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. அவர் இறந்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. உடல் வரவில்லை, நாள் தெரியவில்லை. ஆகவே திதி இல்லை. பாட்டி தாலியைக் கழற்றவுமில்லை, பொட்டை அழிக்கவுமில்லை. ‘சயாமுக்குப் போயிருக்கிறார்’ என்று நிகழ்காலத்திலேயே முப்பத்தைந்து ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். இலக்கணம் படித்த பிறகுதான் அந்தக் கால இடைநிலையின் கனம் எனக்கு விளங்கிற்று. போனார் என்று இறந்தகாலத்தில் முடித்திருந்தால் அழுதிருக்கலாம். முடிக்க முடியாதவரால் அழவும் முடியவில்லை.

ஆனால் அவர் அழுதார். தோட்டத்தில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் உட்காருபவர் அவர்தாம். பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். பாட்டி இறந்தவரை விளித்துத்தான் தொடங்குவார். சற்று நேரத்தில் விளி மாறிவிடும். இரயில் வந்துவிடும், மழைக்காடு வந்துவிடும், திரும்பி வராத ஒருவர் வந்துவிடுவார். வட்டத்தில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். ஒருவரும் தடுத்ததில்லை. அவர்களும் தத்தம் துயரங்களைத்தான் அங்கே இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் அனுமதித்த இடத்தில், ஊர் அனுமதித்த இராகத்தில், சொந்தச் சொல்லால். ஒப்பாரியை ஒப்புச் சொல்லுதல் என்றும் கூறுவர். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சொல்வதால்தான் சொல்ல முடியாததும் சொல்லப்பட்டுவிடுகிறது.

இங்கே என் பிழையொன்றைக் கூறவேண்டும். முனைவர் பட்ட ஆய்வின்போது ஒலிப்பதிவுக் கருவியோடு தோட்டம் தோட்டமாகச் சென்று ஒப்பாரிகளைச் சேகரித்தேன். ஈற்றுயிர் நீட்சி, விளியுருபு, திரும்ப வரும் அடி என்று அட்டவணைப்படுத்தினேன். அவை அத்தனையும் சரியே. ஆனால் பாடி முடித்த ஒரு மூதாட்டி முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு, “இன்னிக்குத்தான் தம்பி நெஞ்சு லேசாச்சு” என்று சொன்னதை நான் எழுதிக்கொள்ளவில்லை. அது தரவு என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னர், படித்தவர்களாகிய நாமே ஒப்பாரியை நாகரிகமற்றது என்றோம். இன்று சாவு வீட்டில் ஒலிபெருக்கி பாடுகிறது. பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். வரிசையில் அமர்ந்தவரால் தோளைப் பற்ற முடியாது.

ஆண்களுக்கு அந்த வட்டமும் இருந்ததில்லை. அவர்களுக்குக் கள்ளுக்கடை இருந்தது. தோட்ட நிருவாகங்கள் அதை வைத்துக்கொடுத்தன. குடித்தபின் அழுதால் ‘போதை’ என்று ஊர் மன்னித்துவிடும். குடிக்காமல் அழுதால் மன்னிக்காது. ‘ஆம்பளை அழலாமா’ என்று கேட்கும் நம் வீடுகளுக்கு, எட்டு மெய்ப்பாடுகளையும் ஆண் பெண் என்று பங்கிடாமல் வைத்த பழைய இலக்கணத்தை நினைவூட்ட விரும்புகிறேன்.

இனிச் செய்தித்தாள்களிலும் பாடநூல்களிலும் வழங்கும் சொற்களைப் பற்றிச் சிறிது. மன அழுத்தம், மனச்சோர்வு என்னும் இரண்டையும் நாம் ஒன்றன் இடத்தில் ஒன்றாகப் புழங்குகிறோம். இது வெறும் சொல்நயச் சிக்கலன்று. மலாயில் ‘தெக்கானான்’ என்பதும் ‘கெமுருஙான்’ என்பதும் வேறு வேறு. தமிழிலும் வேறுபடுத்த வேண்டும். அழுத்தம் என்றால் வெளியிலிருந்து ஒன்று அழுத்துகிறது என்று பொருள்: தேர்வு, கடன், மேலாளர். பாரம் நீங்கினால் பெரும்பாலும் ஆள் நிமிர்ந்துவிடுவார். சோர்தல் என்றால் தளர்தல், நழுவுதல். பாரம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமலேயே உள்ளிருக்கும் கட்டுத் தளர்ந்துபோகும் நிலை அது. முன்பு பிடித்தவை பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, எதற்கும் உதவாதவர் என்று தம்மைத் தாமே எண்ணுவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால், அது மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். அவரிடம் போய் ‘விடுமுறை எடுத்தால் சரியாகிவிடும்’ என்பது, கால் எலும்பு முறிந்தவரை நடந்து பார்க்கச் சொல்வதற்கு ஒப்பாகும். நாட்டின் 2019ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வு, பெரியவர்களுள் 2.3 விழுக்காட்டினர்க்கு, அதாவது ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர்க்கு, மனச்சோர்வு உண்டு எனக் கணித்தது.

மன உளைச்சல் என்பது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது சொல். கைகால் உளைகிறது என்பார்கள் அல்லவா, அதே உளைதல். ஓயாத உள்வலி. அழகான, துல்லியமான சொல். நம் பாட்டிமார் அறிந்த சொல். கவலை என்பதற்குச் சங்க நூல்களில் கிளைபிரியும் வழி என்றும் பொருளுண்டு. இரண்டும் ஒரே வேரினவென்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் கவலைப்படும் மாணவர்களைப் பார்க்கும்போது, இரண்டு பாதைகள் பிரியும் இடத்தில் நின்று இரண்டிலும் கால் வைக்காமல் தவிப்பவராகவே தோன்றுவர்.

உதவி நாடுவதற்குத் தடையாக நிற்பதும் ஒரு சொல்தான். உண்மையில் அஃது ஓர் ஊர்ப்பெயர். பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்றுமுதல் அந்த ஊரின் பெயரே வசையாயிற்று. ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்று பள்ளிப் பிள்ளைகளும் கேலி பேசினோம். தென்மாநிலத்தார்க்கு ஜொகூரின் தம்போய் அப்படியாயிற்று. பின்னாளில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்குப் ‘பஹாகியா’ என்று பெயர் சூட்டினர். மகிழ்ச்சி என்று பொருள்படும் மலாய்ச்சொல். வடமொழி வழியே நம் ‘பாக்கிய’த்தின் உடன்பிறப்பு. பெயர் மாறிற்று, கேலி எளிதில் மாறவில்லை. சட்டம் ஓரளவு மாறியிருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர் இனிக் காவல் நிலையத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் சொல்லலாம். சுகாதார அமைச்சின் 15555 என்னும் எண்ணையோ, பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்னும் எண்ணையோ அழைக்கலாம். மாணவர்கள் இவ்வெண்களைக் குறித்துக்கொள்க. உங்களுக்குத் தேவைப்படாமற் போகலாம். அடுத்த இருக்கையில் இருப்பவர்க்குத் தேவைப்படலாம்.

அன்றாடத்தில் நாமே செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். 2007இல் மேத்யூ லீபர்மேனும் உடனாய்வாளரும் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சினமும் அச்சமும் காட்டும் முகங்களைப் பார்த்தவர்கள் அவ்வுணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதியின் கிளர்ச்சி குறைந்தது. அம்முகத்துக்குரிய ஆளின் பெயரை மட்டும் தேர்ந்தபோது அவ்வாறு குறையவில்லை. ஏதோ ஒரு சொல் போதாது, உரிய சொல் வேண்டும் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன். அதற்கு முன்பே, 1986இல், ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம், தம் வாழ்வில் மிகவும் வருத்திய நிகழ்ச்சியை எழுதச் சொன்னார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குச் சென்றது குறைவாக இருந்தது. ஆனால் எழுதி முடித்த அன்று அவர்கள் முன்னைவிடத் துயரமாகவே இருந்தனர் என்பதையும் அவ்வாய்வு பதிவு செய்கிறது. ஒப்பாரி முடிந்த மூதாட்டியின் சிவந்த கண்களை நினைத்துக்கொள்க. ஆதலால் ஆசிரியர்கள் இதைத் திருத்தி மதிப்பெண் இடும் கட்டுரையாக்கிவிடக் கூடாது. அந்தத் தாள் எழுதியவருக்கே உரியது.

அகப்பொருள் மரபில் நெஞ்சொடு கிளத்தல் என்றொரு வழக்கு உண்டு. தலைவி தன் நெஞ்சை வேறோர் ஆளாக முன்னிறுத்தி, அதனோடு பேசுவாள், அதைக் கடிவாள். திருக்குறளின் 125ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். அது கவிதை உத்தி என்றே மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தேன். ஈதன் கிராஸ் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், ‘நான் ஏன் நடுங்குகிறேன்’ என்று எண்ணியவர்களைவிட, தம் பெயரைச் சொல்லி ‘இவன் ஏன் நடுங்குகிறான்’ என்று தம்மைத் தாமே வினவியவர்கள், பலர்முன் பேசும் பதற்றத்தை எளிதாகத் தாங்கினர். தன்மை படர்க்கையாகும்போது சிறிது இடைவெளி பிறக்கிறது. மூவிடம் கற்பிக்கும் ஆசிரியர் இதை ஒரு பயிற்சியாகவே வைக்கலாம்.

அறத்தொடு நிற்றலையும் இவ்வாறே பார்க்கலாம். தலைவி தன் உள்ளத்தைத் தாயிடம் நேரே சொல்வதில்லை. தோழியிடம் சொல்கிறாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடம். நேரே சொல்ல முடியாதவற்றுக்கு ஒரு சங்கிலியை நம் முன்னோர் கற்பனை செய்திருக்கிறார்கள். இன்று பள்ளியில் செவிலியின் இடத்தில் இருப்பவர் ஆலோசக ஆசிரியர். தோழியின் இடம்தான் வெற்றாகக் கிடக்கிறது, கைப்பேசியில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருந்தபோதிலும்.

சென்ற ஆண்டு ஓர் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு மாணவர்களோடு ஒரு பயிற்சி செய்தேன். ‘மனசு சரியில்லை’, ‘டென்ஷன்’, ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் மூன்றையும் அன்று தடை செய்துவிட்டு, கடைசியாக மனம் வருந்திய வேளையை இரண்டே வரியில் எழுதுமாறு கேட்டேன். பெயர் எழுத வேண்டா என்றேன். பத்து நிமிடம் பேனாக்கள் அசையவில்லை. ‘வேற என்னதான் சார் சொல்றது?’ என்றான் ஒருவன். உடம்பில் எங்கே தெரிந்தது என்று முதலில் எழுதுங்கள் என்றேன். நெஞ்சு அடைத்தது, வயிறு கலங்கியது, காது சுட்டது என்று வரத் தொடங்கின. மலாய் மொழியில் மனத்தைக் குறிக்கும் ‘ஹாத்தி’ என்னும் சொல்லுக்கு ஈரல் என்று பொருள்; நாமும் ஈரக்குலை நடுங்கியது என்கிறோம். உடம்பின் வழியே மனத்துக்குள் நுழைவது இந்த மண்ணில் யாவர்க்கும் பழகிய பாதை.

திரட்டிய தாள்களில் ஒன்றில் இவ்வாறு இருந்தது: ‘அப்பா எல்லார் முன்னாலும் என் ரிப்போர்ட் கார்டைப் படித்தார். காது சுட்டது. கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை, கேவலமாக இருந்தது.’ கீழே, சிறிய எழுத்தில், வேறு மையில்: ‘அப்பாவிடம் இதைச் சொல்லலாமா சார்?’

பெயர் இல்லாத தாள். ஆகவே அடுத்த வாரம் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக விடை சொன்னேன். சொல்லலாம், அதே நான்கு தொடர்களில் சொல்லலாம், அப்பாவால் முடியாவிட்டால் முதலில் அம்மாவிடமோ அத்தையிடமோ சொல்லலாம் என்றேன். மூன்றாம் வரிசையில் ஒரு மாணவன் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டான்.